கோதண்டர் பார்த்துச் சொன்ன பெட்டை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். ஊர்ப்பேரைச் சொன்னால் நமக்கு வம்பு. கடல் வணிகன் ஒருவன் அவனுக்குப் பட்டுக்கோழிக் குஞ்சுகளைக் காணிக்கையாகக் கொடுத்தான். உடம்பெல்லாம் பஞ்சாக இருந்த அவற்றைப் பார்த்ததும் ராணி தனக்கு வேண்டும் என்றாள். ஆனால் அந்தப்புரத்தில் ராஜாவைத் தவிர எந்த ஆணும் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். கோழிக்கும் விலக்கில்லை.

அரண்மனைக் கோழிகளுக்குத் தீனி வைக்கும் செங்காயியை அழைத்து, பெட்டைகளைப் பிரிக்கச் சொன்னான் ராஜா.

"இந்தச் சாதியில இப்பத் தெரியாதுங்க சாமி. ஒண்ணு கூவணும், இல்ல முட்டை போடணும். அஞ்சாறு மாசம் ஆகும்" என்றாள் அவள்.

அரண்மனை அதிகாரி கோதண்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோழியைக் குழம்பில் மட்டுமே பார்த்த மனிதர். நாலு குஞ்சைத் தூக்கிப் பார்த்து, "இவை பெட்டைகள், பிரபு. அடியேன் வாக்குத் தவறாது" என்று அந்தப்புரத்துக்கு அனுப்பிவிட்டார்.

சில மாதம் போயிற்று. ஒரு விடியலில் அந்தப்புரத்திலிருந்து கொக்கரக்கோ என்று சத்தம் வந்தது.

கோதண்டர் அசந்தாரா? "பிரபு, அது பெட்டைதான். செங்காயி தீனியில் மருந்து வைத்துக் கூவ வைத்திருக்கிறாள்" என்று ஒரே போடாகப் போட்டார். ராஜாவும் நம்பினான். தெரியாது என்று உண்மையைச் சொன்னவளைச் சபைத் தூணில் கட்டினார்கள். புளுகியவருக்கு ஆசனம். எனக்கு வயிறு எரிகிறது. சவுக்கடி என்று தீர்ப்பும் ஆயிற்று.

அப்போது விகடகவி சங்கிலி எழுந்தான். கோதண்டருக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

"பிரபு, அதிகாரி சொன்னால் அது பெட்டைதான். மருந்து தின்றாலும் பெட்டை முட்டையிடத்தானே வேண்டும்? அவரே கூண்டருகில் உட்கார்ந்து முட்டையை வாங்கி வரட்டும். வந்த அன்று இவளுக்குச் சவுக்கடி."

"நல்ல யோசனை. கோதண்டரே, முட்டை இல்லாமல் சபைக்கு வர வேண்டாம்" என்றான் ராஜா.

கூண்டைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். உள்ளே இருந்தது கழுத்தை நீட்டிக் கூவியது. கோதண்டருக்கு வேர்த்துவிட்டது.

"பிரபு... பெட்டையா சேவலா என்று அடியேனுக்குத் தெரியாது."

"இதைத்தான் அவள் அன்றே சொன்னாள்" என்றான் சங்கிலி.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். முத்துமாலையைக் கழற்றிச் சங்கிலியின் கழுத்தில் போட்டான். சபையே சிரித்தது, சங்கிலியும் சிரித்தான், வெட்கமில்லாமல் கோதண்டரும் சிரித்தார்.

"சாமி," என்றாள் செங்காயி தூணிலிருந்து, "சிரிச்சு முடிச்சதும் யாராச்சும் இந்தக் கட்டை அவுத்து விடுங்க."