பதினோராம் அத்தியாயத்தில் இறந்த தாய்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் அமலோற்பவம். அவர் வகுப்பில் சொன்னதெல்லாம் ‘மேடம் நோட்ஸ்’ என்ற பெயரில் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் குடியேறிவிட்டது. தேர்வுக்கு முந்தின வாரம் அந்தக் கடையில் கோயில் கொடைத் திருவிழாக் கூட்டம் நிற்கும்.

அந்த நோட்ஸைப் படித்தே முதல் மதிப்பெண் வாங்கியவர் சுடலைமுத்து. இப்போது நாற்பத்திரண்டு வயது, அவரும் விரிவுரையாளர். எட்டு வருடம் உழைத்து முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்திருந்தார். வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. திங்கட்கிழமை காலை ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு அமலோற்பவத்தின் வீட்டுக்கு வந்தார். புத்தக அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

“வெளித்தேர்வாளர் ஒரே ஒரு வரி எழுதியிருக்காரு மேடம். ‘இதில் உங்கள் சொந்தச் சிந்தனை எங்கே?’ன்னு. சொந்தமா எப்படி மேடம் யோசிக்கது?”

அமலோற்பவம் ஆய்வேட்டைப் புரட்டினார். நான்காம் இயல் மட்டும் நாற்பது பக்கம். போருக்குப் பின் வந்த ஓர் ஆங்கில நாவலில் தையல் வேலை செய்யும் தாய் இறந்துபோவதைப் பற்றியது. அவளுடைய சாவு ஒரு பேரரசின் சாவு என்று சுடலைமுத்து நிறுவியிருந்தார்.

“இவ எப்போ சாகுதா?”

“பதினோராம் அத்தியாயம். நீங்கதானே மேடம் சொன்னீங்க.”

“வேற யாரும் சொல்லியிருக்காங்களா?”

“ரெண்டு கட்டுரை இருக்கு. அடிக்குறிப்புல போட்டிருக்கேன்.”

“எழுதினது யாரு?”

சுடலைமுத்து யோசித்தார். இரண்டு பேருமே அவரோடு படித்தவர்கள்.

“நாவலை வாசிச்சியா?”

“நோட்ஸ்ல சுருக்கம் இருந்துச்சே மேடம்.”

“அவ சாகலை சுடலை. கடைசிப் பக்கத்துலயும் உயிரோடதான் இருக்கா.”

சுடலைமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை.

“விளையாடாதீங்க மேடம்!”

“முதல் வருஷம் வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் வருஷா வருஷம் அதையே சொல்லி, யாராவது கை தூக்குவாங்கன்னு பாத்தேன். இருபத்தொரு வருஷம் பாத்தேன். ஒருத்தரும் தூக்கலை.”

“தெரிஞ்சே எங்களை ஏமாத்தியிருக்கீங்க! பதினாலு வருஷமா என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் நான் இதைத்தானே சொல்லிக்கொடுக்கேன்!”

அமலோற்பவம் ஆய்வேட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இருப்பதோ மூன்றே நாள். சுடலைமுத்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான்காம் இயலின் முதல் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். பிறகு அடுத்த பக்கம். நாற்பது பக்கத்தையும் அடித்து முடித்தார். எட்டு வருட உழைப்பில் ஒரு பங்கு அதோடு போயிற்று. அமலோற்பவம் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடிச்சிட்டேன் மேடம். இனி என்ன எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க.”

அமலோற்பவம் அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார்.

“அந்த நாவல் அங்கதான் இருக்கு. நீ இன்னும் திரும்பிக்கூடப் பாக்கலையே.”