கருப்பனுக்கு இரண்டு சுருட்டு

சோலைமலைக்கு வயது ஐம்பத்தைந்து. அவருடைய குரு பஞ்சவர்ணத்துக்கு நாற்பது ஆகவில்லை. சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்து முடித்துவிடட்டும். ஊர் எப்போதோ சிரித்து முடித்துவிட்டது.

இரண்டு பேருக்கும் சுருட்டுத் தொழில். சோலைமலையின் கடை பெரியது, பாட்டன் காலத்துக் கடை. பஞ்சவர்ணத்துக்கு ஓர் ஓட்டுச் சாய்ப்புதான். அவளே சுருட்டுவாள், அவளே கூடையில் வைத்துச் சந்தையில் விற்பாள்.

அந்த ஊர்க் கருப்பசாமிக்குச் சுருட்டுதான் முக்கியம். கிடாயும் பொங்கலும் அதற்கப்புறம். திருவிழாவன்று சாமியாடி வெள்ளையப்பன் கோயிலில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கிளம்புவார். ஆடுவார், குறி சொல்வார், ஊரைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போவார். தோன்றினால் ஓர் இழுப்பு இழுப்பார், தோன்றாவிட்டால் அதுவும் இல்லை. அவர் தண்ணீரில் கால் வைக்கும்வரை சுருட்டு தானாக எரிய வேண்டும். அணைந்தால் மறுபடி பற்றவைக்கக் கூடாது. அந்த முழ நீளச் சுருட்டைச் செய்து கொடுக்கும் உரிமை சோலைமலை வீட்டுக்கு. பாட்டன் கொடுத்தார், அப்பா கொடுத்தார், பிறகு இவர்.

போன திருவிழாவில் அது அணைந்தது. அரசமரத்து முக்கில், பாதி வழியில்.

உருமி நின்றது. சாமியாடி வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கூட்டத்திலிருந்து ஒரு கை சாதாரணச் சந்தைச் சுருட்டு ஒன்றை நீட்டியது. அது பஞ்சவர்ணத்தின் கை. அந்தச் சுருட்டு ஆற்றுத் தண்ணீர் வரைக்கும் எரிந்தது.

ஊர் அன்றைக்கே கூடிப் பேசி முடித்தது. அடுத்த திருவிழாவுக்கு இரண்டு கடையும் ஆளுக்கொரு சுருட்டுக் கொடுக்கட்டும். சாமி கைக்கு ஒன்றாகப் பிடிப்பார். ஆற்றில் எது எரிகிறதோ, உரிமை அந்தக் கடைக்கு.

சோலைமலை வீட்டுக்குப் போகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகச் சாய்ப்புக்கு வந்து நின்றார்.

"தாயி, எனக்குத் தொழில் சொல்லிக் குடு."

பஞ்சவர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கா? நான் பொறக்கிறதுக்கு முந்தியே சுருட்டுச் சுத்தின கை அது. எதுக்குண்ணே?"

"உன்னைத் தோக்கடிக்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பொய் சொல்லாம வந்தீங்களே, அதுக்கே சொல்லிக் குடுக்கலாம். உக்காருங்க. சாமிக்குச் செய்யிற மாதிரி இப்பவே ஒண்ணு செய்ங்க, பாப்போம்."

சோலைமலை ஆள் விட்டுத் தன் கடையிலிருந்து இலை வரவழைத்தார். எல்லாம் செடியின் உச்சியில் பறித்த தலையிலை. கறுத்துத் தடித்து எண்ணெய் மின்னும் இலை. கிலோ கணக்கில் கழித்துப் பொறுக்கியது. அடுக்கினார், முறுக்கினார், இறுக்கினார். நெற்றி வேர்த்தது. வெளியே சுற்றுகிற மேலிலையை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, இடது பாதியை எடுத்துச் சுற்றினார். அவர் இடக்கைக்காரர். இடக்கைக்கு இடது பாதிதான் வளையும்.

பஞ்சவர்ணம் வாங்கி உருட்டிப் பார்த்தாள். "எல்லாருக்கும் சுத்து இப்படி ஓடும். உங்களுக்கு எதிர்ப்பக்கம் ஓடுது."

"இந்தச் சீமையிலேயே என் ஒருத்தன் சுத்துதான் அப்படி. எப்படி இருக்கு?"

"பாறை மாதிரி இருக்கு."

"பத்தவெச்சுப் பாக்கலையா?"

"பாத்தாச்சு" என்று சொல்லி, அதைத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் போட்டு மூடினாள். அவ்வளவுதான் முதல் பாடம். சோலைமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மறுநாள் அவரைக் காட்டுக்கு அனுப்பினாள். அவளுடைய குத்தகை நிலத்தில் புகையிலை இடுப்பு உயரம் நின்றது.

"பூ எடுக்குற தலையை எல்லாம் கிள்ளுங்க. கணுவுல தழையிற பக்கக் கொழுந்தையும் கிள்ளுங்க."

"என்ன தாயி, இதுக்குக் கூலியாள் இல்லையா?"

"இருக்காங்க. அவங்க என்னைத் தோக்கடிக்கணும்னு சொல்லலையே."

அவர் கிள்ளினார். விரலெல்லாம் பிசின், கறுப்பாக ஒட்டிக்கொண்டு சோறு கசந்தது. அறுவடைக்குப் பிறகு இலையை ஆறப்போட்டு, உலர்த்தி, அம்பாரமாக அடுக்கினார்கள். அம்பாரம் தானாகச் சூடேறியது. நெடி கண்ணைக் கரித்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடு தாங்காதபோது பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். சோலைமலை ஒரு தடவை சோம்பலில் விட்டுவிட்டார். நடுவில் இருந்த இலை கரிந்து தூளாகிவிட்டது. பஞ்சவர்ணம் திட்டவில்லை. அந்தத் தூளை அவர் மடியில் கொட்டிவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு நாள் மூன்று சின்னச் சுருட்டுகளை அவர் முன்னால் வைத்தாள்.

"பிடிங்க."

முதலாவது கபகபவென்று எரிந்தது. ருசி இல்லை.

"வெறும் வைக்கோல். என்ன இது?"

"அடியிலை."

இரண்டாவதில் நல்ல வாசம். அது நடுவிலை. மூன்றாவது தலையிலை. ஒரே இழுப்பில் நெஞ்சில் குத்தியது. சோலைமலை முகம் மலர்ந்தார். "இதுதான் சுருட்டு!" என்று சொல்லி முடிப்பதற்குள் அணைந்தது. மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது.

அவர் அணைந்த சுருட்டைக் கீழே வைத்தார்.

"சாமிக்கு ஒசத்தி இலையா குடுக்கணும்னுதானே தாயி..."

"குடுக்கவா? காட்டவா?"

சோலைமலை கீழே கழித்துப் போட்டிருந்த அடியிலையைத் தானே குனிந்து பொறுக்கினார்.

தலையிலையை நடுவில் வைத்தார். சுற்றிலும் நடுவிலை. அதையும் சுற்றி அடியிலை. ஒவ்வோர் இலையையும் முறுக்காமல் விசிறி மாதிரி மடித்தார். காற்று போக வழி வேண்டும். தெரிந்த விஷயம்தான். ஆனால் சாமி சுருட்டு என்று நினைத்த மாத்திரத்தில் அவர் கை தானாக இறுகியது. அவிழ்ந்துவிடுமோ, உதிர்ந்துவிடுமோ, ஊர் என்ன சொல்லுமோ. பஞ்சவர்ணம் வாங்கி வாயில் வைத்து உறிஞ்சுவாள். காற்று வராது. கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டுவாள். நடுவில் இலை கயிறாக இருக்கும்.

"யாரு கழுத்தை நெரிக்கிறீங்கண்ணே?"

ஒருநாள் அவர் வெடித்துவிட்டார். "என் பாட்டன் குடுத்த உரிமை அது! போச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட அந்தக் கோயில்ல நிப்பேன்? உனக்கென்ன? இழக்க என்ன இருக்கு உங்கிட்ட?"

"ஒண்ணும் இல்ல. அதான் என் கை லேசா இருக்கு" என்றாள் பஞ்சவர்ணம். "திட்டிக்கிட்டே சுத்துங்க."

"என்ன?"

"என்னைத் திட்டுங்க. நிறுத்தாம திட்டுங்க. கை அது பாட்டுக்குச் சுத்தட்டும்."

சோலைமலைக்கு அதில் சிரமம் இருக்கவில்லை. ஒரு வருஷக் கடுப்பு உள்ளே இருந்தது. அவள் சாய்ப்பை, கூடையை, நடையை, சிரிப்பை, அவளுக்குப் பெயர் வைத்தவர்களை எல்லாம் வரிசையாகத் திட்டினார். சாய்ப்பில் இருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஒருத்தி, "அண்ணே, அந்தக் கழுதை விஷயம் இன்னொரு தடவை" என்றாள். திட்டித் தீர்ந்தபோது அவர் கையில் ஒரு சுருட்டு இருந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

பஞ்சவர்ணம் உறிஞ்சிப் பார்த்தாள். பிளக்கவில்லை. திருப்பி அவர் கையில் வைத்தாள்.

"திருவிழாவுக்கு இதைக் குடுங்க."

"இது உன்னை ஜெயிக்குமா தாயி?"

"இலைக் காம்பு உரிக்க ஆள் இல்ல. போய் உரிங்க."

திருவிழா வந்தது. வெயில் சாயும் நேரத்தில் சாமி இறங்கியது. சோலைமலை தன் சுருட்டை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். பஞ்சவர்ணம் தன்னுடையதைத் துணி சுற்றியபடியே பூசாரியிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். சாமியாடி வலது கையில் சோலைமலையுடையதையும் இடது கையில் மற்றதையும் பிடித்தார். கற்பூரத்தில் இரண்டும் பற்றிக்கொண்டன.

உருமி உறுமியது. சாமி கிளம்பியது.

சோலைமலை பக்கத்தில் போகவில்லை. பத்து ஆளுக்குப் பின்னால், தலைகளுக்கு மேல் இரண்டு புகையை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். கிழக்குத் தெருவில் இரண்டும் எரிந்தன. கிணற்றடியில் சாமி நின்று ஒரு பெண்ணுக்குக் குறி சொன்னது. சுருட்டுகளை மறந்துவிட்டது. குறி நீண்டுகொண்டே போனது. வலக்கைப் புகை மெலிந்து நூலானது.

பிறகு காற்று ஒரு வீச்சு வீசியது. சாம்பல் உதிர்ந்தது. உள்ளே நெருப்பு மாதுளை மணி மாதிரி சிவந்தது.

அரசமரத்து முக்கு வந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இடது கைப் புகை கறுப்பாக ஒருமுறை சுருண்டது, நின்றது. சாமி அந்தக் கையைத் தூக்கிப் பார்த்தது. இழுத்துப் பார்த்தது. அணைந்த சுருட்டை வீசி எறிந்துவிட்டு வலது கையை வானத்துக்கு உயர்த்தி ஒரு சத்தம் போட்டது.

குலவை கிளம்பியது. அதற்குப் பிறகு நடந்தது நடையில்லை, ஓட்டம். உருமிக்காரர்கள் அடித்த அடியில் தோல் கிழிந்திருக்கும். சாமி ஆற்றில் இறங்கியபோது சுருட்டு எரிந்துகொண்டிருந்தது. இன்னும் நான்கு விரல் நீளம் மிச்சம் இருந்தது. சாமி அதைச் சோலைமலை கையில் பிரசாதமாகக் கொடுத்தது. யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள். வேட்டி அவிழ்ந்தது. அவர் கவலைப்படவில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஆற்றுக்கு நடுவில் அண்டர்வேரோடு நின்று எரியும் சுருட்டைத் தூக்கிக் காட்டினார். ஊர் கத்தியது. பாட்டனும் அப்பனும் எங்கிருந்தாவது பார்த்திருப்பார்கள்.

கூட்டம் சோற்றுப் பந்திக்குக் கலைந்தது. சோலைமலை வேட்டியைக் கட்டிக்கொண்டு, எரியும் மிச்சச் சுருட்டோடு அரசமரத்து முக்குக்குத் திரும்பி வந்தார். தோற்றதைப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை. பஞ்சவர்ணத்தின் சுருட்டு எப்படி அணையும்?

புழுதியில் கிடந்தது. குனிந்து எடுத்தார்.

மேலிலையின் சுற்று எதிர்ப்பக்கம் ஓடியது.

இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து நீளவாக்கில் பிளந்தார். தலையிலை. எல்லாம் தலையிலை. கறுத்து, எண்ணெய் மின்னி, கயிறு மாதிரி முறுக்கி. தகரப் பெட்டியின் வாசம் கூட அதில் இருந்தது.

மரத்தடியில் கூடையோடு பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். பந்திக்குப் போகவில்லை.

"ஏமாத்திட்ட தாயி." அவர் பிளந்த சுருட்டை நீட்டினார். "உன்னை ஜெயிக்கணும்னு ஒரு வருஷம் உன் காலடியில கிடந்தேன். நீ உன் சுருட்டைக் குடுக்கலையே. இது செல்லாது. இப்பவே ஊரைக் கூட்டிச் சொல்லப்போறேன்."

"சொல்லுங்க. என்னன்னு சொல்லுவீங்க?"

"உன் சுருட்டு தோக்கலைன்னு."

"சரி. தோத்தது யாரோடது?"

சோலைமலை கையில் பிளந்து கிடந்ததைப் பார்த்தார். "என்னோடது."

"ஜெயிச்சது?"

இடது கையில் செத்த சுருட்டு. வலது கையில் எரிகிற சுருட்டு. ஒன்றை மாற்றி ஒன்றைப் பார்த்தார். இரண்டிலும் சுற்று ஒரே பக்கமாக ஓடியது. அவர் நெஞ்சுக்குள்ளிருந்து எதுவோ கிளம்பி வந்தது. அழுகை என்று நினைத்தார். வாய்க்கு வந்தபோது அது சிரிப்பாக இருந்தது. மரத்தில் அடைந்திருந்த காக்கைகள் பறந்தன.

சிரிப்பு அடங்கியதும் கேட்டார். "அது சரி. உன்னோடது வந்திருந்தா? நான் ஜெயிச்சிருப்பேனா, சொல்லு தாயி."

பஞ்சவர்ணம் கூடையில் கைவிட்டுச் சந்தைச் சுருட்டு ஒன்றை எடுத்தாள். நுனியைக் கடித்துத் துப்பினாள். வாயில் வைத்துக்கொண்டு அவர் பக்கம் முகத்தை நீட்டினாள்.

"நெருப்புக் குடுங்கண்ணே."