வன்னிக்கு விட்ட தண்ணீர்

"நான் என்ன குறை வச்சேன், சூசை?"

விழுந்து கிடந்த வன்னி மரத்தின் முன்னால் நின்று கேட்டார் பேராசிரியர் ஆளவந்தார்.

நேற்று மாலை அடித்த மணற்காற்றில் சாய்ந்துவிட்டது. பதினெட்டு வருடத்து மரம்.

அந்தப் பாலைவன ஊரின் பல்கலைக்கழகத்தில் மரத்தோட்டம் வைத்தவர் அவர்தான். வகுப்பில் தாவரவியல் சொல்லித்தருவார். மரத்தடியில் அவருக்குச் சொல்லித்தருகிறவர் தோட்டக்காரர் சூசைமரியான். ராமநாதபுரத்துக்காரர், பத்து வயது இளையவர்.

சூசை வேலிக்கு வெளியே கையை நீட்டினார். அங்கே யாரும் வைக்காமல் முளைத்த இன்னொரு வன்னி. ஆடு கடித்துக் கோணிப்போய், நின்றுகொண்டிருந்தது.

"அதுக்கு யார் சார் தண்ணி விட்டா?"

"யாரும் விடலை."

"இதுக்கு?"

"தினமும். ஊருக்குப் போனாக்கூட போன் போட்டுக் கேப்பேனே."

சூசை பெயர்ந்த வேரைக் காட்டினார். அவ்வளவு பெரிய மரத்துக்கு ஓர் அண்டா அளவுதான் வேர். சொட்டுநீர்க் குழாய் கிடந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வளர்ந்திருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னேன் சார். மூணாவது வருஷம். குழாயத் தள்ளித் தள்ளிப் போட்டு, அப்புறம் எடுத்துடணும்னேன். 'என் மரம் காஞ்சா நீ பதில் சொல்வியா'ன்னீங்க."

சொன்னது ஆளவந்தாருக்கு நினைவுக்கு வந்தது. சொன்ன குரல்கூட.

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. ஒரு மாதமாக அங்கேயே இருந்த கடிதம்.

"என்ன சார் அது?"

"மெஹருன்னிசான்னு ஒரு பொண்ணு. எட்டு வருஷமா என்கிட்ட ஆராய்ச்சி பண்றா. வேற ஊர்ல வேலை கிடைச்சுது. அனுப்ப என் கையெழுத்து வேணும். ஆய்வேடு இன்னும் சரியா வரலைன்னு வச்சிருந்தேன். நேத்தோட கெடு முடிஞ்சிருச்சு."

"அழுதுச்சா?"

"இல்லை. காலையில வந்தா. அடுத்த அத்தியாயத்தை எப்போ சார் திருத்தித் தருவீங்கன்னு கேட்டா."



பக்கத்தில் ஐந்து வயது வன்னி ஒன்று இருந்தது. அதன் அடியிலிருந்த குழாயைச் சூசை உருவினார். மணலில் இழுத்துக்கொண்டே வந்து, நிழல் முடிகிற இடத்தில், ஆளவந்தாரின் காலடியில் நின்றார்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார். நீங்க நிக்கிற இடத்துக்குத்தான் வேர் வரணும்."