தாளாளர் அனுப்பிய விடுமுறை

மற்ற வகுப்புகளெல்லாம் வெறிச்சோடிக் கிடக்க, தற்காலிகக் கணினி ஆசிரியை செண்பகவடிவு மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். பள்ளித் தாளாளர் சங்கரலிங்கம் கைபேசியோடு உள்ளே பாய்ந்தார்.

“ஏம்மா, மழைக்குக் கலெக்டர் லீவு விட்டாச்சு. அந்த ஆணையை எல்லாப் பெற்றோருக்கும் நானே வாட்ஸ்அப்ல அனுப்பினேன். உங்க வகுப்பு மட்டும் எதுக்கு வந்திருக்கு? நாளையிலிருந்து நீங்க வரவேண்டாம்!”

“சரிங்க ஐயா. அந்த ஆணையைத் தேதியோடு பிள்ளைகளுக்கு ஒருமுறை வாசித்துவிடுங்கள், இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.”

தாளாளர் கணீரென்று தொடங்கினார். தேதியைக் கண்டதும் குரல் இறங்கியது.

“அது போன வருஷத்து ஆணை, சார்! டீச்சர் சொல்லித்தந்த மாதிரி தேதியைப் பாத்துட்டுத்தான் வந்தோம்!” என்றாள் ஒரு மாணவி.

“மத்தப் பிள்ளைகளுக்கு என்னம்மா செய்றது?”

“நாளை வந்து அவர்களுக்கும் சொல்லித்தருகிறேன், ஐயா. இன்று முன்வரிசையில் உங்களுக்கு இடமிருக்கிறது.”

பிள்ளைகள் நகர்ந்துகொள்ள, தாளாளர் அமர்ந்தார்.