செக்கடித் தெருவில் திறக்காத ஷட்டர்

செக்கடித் தெருவுக்கு ஒரு சிட்டுக்குருவி குடிவந்தாள். பெயர் மிளகி. தெருவா அது! கீழே கடை, மேலே வீடு. கீழே மிளகாய் மூட்டை இறங்கினால் மேலே தொட்டில் குழந்தை தும்மும்!

மிளகிக்கு ஏற்கெனவே ஒரு கூடு போயிருந்தது. வளையல் கடை ட்யூப் லைட்டின் மேல் ஆசை ஆசையாகக் கட்டியிருந்தாள். வெள்ளையடிக்க வந்தவர்கள் முட்டையோடு கூட்டித் தள்ளிவிட்டார்கள். பாவம், அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு ஆறவே இல்லை. இந்தத் தடவை யார் கையும் படாத இடமாக வேண்டும் என்று தெருவையே சல்லடை போட்டுத் தேடினாள்.

நடுத்தெருவில் ஒரு பாத்திரக் கடை. வியாபாரம் நின்று வருஷக் கணக்காகிறது. ஷட்டரைத் தூக்கினால் மேலே போய்ச் சுருளுமே, அந்தத் தகரப் பெட்டிக்குள் மிளகி எட்டிப் பார்த்தாள். இருட்டு, கதகதப்பு, பூனைக்கு எட்டாத உயரம்!

"இனிமே இதுதான் என் அரண்மனை!" என்று வைக்கோலும் சாக்கு நூலுமாகச் சுமந்து வந்தாள்.

கடைப் படியில் தூசி என்றொரு கிழட்டு நாய் படுத்திருந்தான். தலையைத் தூக்கிக் குரைத்தான்.

"ஏ குருவி! அங்கே கட்டாதே! அது திறக்கிற கடை!"

"திறக்கிற கடையா? பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. யார்கிட்ட கதை விடுறீங்க?"

"வருஷத்துக்கு ஒரு நாள் திறப்பாங்கம்மா! ஆயுத பூஜைக்கு! மூடின கடைன்னாலும் தராசுக்குப் பொட்டு வைக்காம விடமாட்டாங்க!"

"ஆகா! படியும் உங்களுக்கு, பரணும் உங்களுக்கா? நல்லாருக்கே நியாயம்!"

தூசிக்குத் தொண்டையே அப்படி. நல்லது சொன்னாலும் 'லொள்' என்றுதான் வரும், அவன் என்ன செய்வான்? மிளகிக்கு அது மிரட்டலாகவே கேட்டது. முட்டையிட்டாள், அடை காத்தாள், குஞ்சுகளும் வந்துவிட்டன.

ஒருநாள் காலையில் தெருவின் வாசனையே மாறியிருந்தது. முனையில் பொரி மூட்டை வந்து இறங்கியது. பூசணிக்காய் வந்தது. வாழைக்கன்று வந்தது. மாடி வீட்டுச் சம்பூர்ணம் சாவிக்கொத்தோடு இறங்கி வந்து பாத்திரக் கடைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டாள்.

"நாளைக்குக் காலைல திறக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

மிளகி பதறிப்போய்க் கூட்டுக்குள் பார்த்தாள். குஞ்சுகளுக்கு இறகே சரியாக முளைக்கவில்லை. ஷட்டர் மேலே வந்து சுருண்டால் கூடு நசுங்கிவிடுமே!

"தூசியண்ணே..." என்று கீழே பார்த்து அழைத்தாள். "அன்னைக்கு உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இப்ப என் பிள்ளைங்க..." என்று அழுதாள்.

"அழாதே தாயி! நடந்ததைப் பேசி என்ன ஆகப்போகுது? நீ பிள்ளைகளை அணைச்சுக்கிட்டு இரு. கீழே நான் பார்த்துக்கறேன்!"

மறுநாள் காலை சம்பூர்ணம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஷட்டரைத் தூக்கிவிட நாட்டு மருந்துக் கடை வேலாயுதமும் வந்தார். தூசியோ ஷட்டரை ஒட்டிக் குறுக்கே நீட்டிப் படுத்திருந்தான்.

"எந்திரிடா!" என்றாள் சம்பூர்ணம். அவன் காதைக்கூட ஆட்டவில்லை. தண்ணீரை ஊற்றினாள். உதறிக்கொண்டு அங்கேயே படுத்தான்.

"சனியனே, நேரமாகுது!" என்று வேலாயுதம் கம்பால் முதுகில் ஒன்று வைத்தார். தூசி பல்லைக் காட்டவில்லை. வலியில் முனகினான். ஆனால் நகரவில்லை.

மேலே இருந்து பார்த்த மிளகிக்குத் தாங்கவில்லை. என் பிள்ளைகளுக்காக இவர் அடி வாங்குகிறாரே! இரண்டாவது அடி விழுவதற்குள் சர்ரென்று பாய்ந்து தூசியின் தலைமேல் வந்து உட்கார்ந்தாள்.

"அடிக்காதே! அடிக்காதே!"

மனிதர்கள் காதுக்கு அது 'கீச் கீச்'தான். ஆனால் அம்மா குரல் கேட்டதும் பெட்டிக்குள்ளிருந்த குஞ்சுகளும் கத்த ஆரம்பித்துவிட்டன!

சம்பூர்ணம் அண்ணாந்து பார்த்தாள். தகரப் பெட்டியின் ஓரத்தில் வைக்கோல் தொங்கியது.

"ஐயோ, பிள்ளை பெத்தவ வீட்டையா நசுக்கப் பார்த்தேன்! அந்தக் கம்பைக் கீழே போடுங்கண்ணே!"

"அப்ப பூஜை?" என்று தலையைச் சொறிந்தார் வேலாயுதம்.

"தராசுக்கு வைக்கிற பொட்டை ஷட்டருக்கு வச்சா சாமி வேண்டாம்னா சொல்லும்?"

அந்த வருஷம் தெருவே திறந்து கிடக்க, பாத்திரக் கடை மட்டும் மூடிய ஷட்டரில் சந்தனமும் குங்குமமுமாக நின்றது. சம்பூர்ணம் தூசியின் முதுகுக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, ஒரு வாழையிலை நிறையப் பொரியும் கடலையும் வைத்தாள். மிளகி இலையோரத்தில் வந்து இறங்கினாள்.

"இன்னும் வலிக்குதாண்ணே?"

"வலிக்குதுதான். நீ பொரி மேல உக்காராம இருந்தா, சாப்பிட்டாவது மறப்பேன்!"

மிளகி சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு குஞ்சுகளுக்காக ஒரு பொரியைக் கொத்திக்கொண்டு மேலே பறந்தாள்.

குரலைக் கேட்டு ஒதுங்காமல் குணத்தைப் பார்த்துப் பழகினால், நம் வாசற்படியிலேயே நல்ல உறவு கிடைக்கும்.