ஊசி அசையாத கார்

நாமக்கல்லிலிருந்து மலைக்குப் போகிற சாலையில் மூன்று பேர் கூட்டாக ஒரு கார் பட்டறை நடத்திவந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்கு வேண்டிய புத்தி இருப்பதாக ஊரில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை.

மூத்தவன் நல்லியண்ணன். யோசிப்பது அவன் வேலை. பொங்கியண்ணன் கழற்றுவான். கழற்றியதைச் செம்மலை நோட்டில் எழுதுவான். திரும்ப மாட்டுவதற்கென்று ஒரு ஆள் வேண்டும் என்பது மூவருக்கும் அதுவரை தோன்றியதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, ஜவ்வரிசி ஆலை முதலாளி பெரியதம்பி தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் அவர் மகள் மேகலா. நல்லியண்ணன் அவசரமாகக் கையைத் துடைத்தான். துடைத்த துணி கையைவிட அழுக்கு. மேகலாவுக்கும் அவனுக்கும் ஜாதகம் பொருந்தி இரண்டு மாதமாகிறது. ஆனாலும் பெரியதம்பி இன்னும் அவனை "தம்பி" என்றுதான் கூப்பிட்டார். "மாப்பிள்ளை" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று நல்லியண்ணன் இரண்டு மாதமாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காருக்கு வயது ஐம்பது. அதன் சொந்த என்ஜின் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியதம்பி அந்த இடத்தில் ஒரு வேனின் டீசல் என்ஜினைத் திணித்து, அது போதாதென்று இழுவையைக் கூட்ட டர்போ ஒன்றையும் பொருத்தியிருந்தார். என்ஜின் தண்ணீரை ஆறவைக்கிற ரேடியேட்டர் மட்டும் பழையதே.

"சமதரையில தங்கமாப் போகுது தம்பி," என்றார் பெரியதம்பி. "மலை ஏறுனா மூணாவது வளைவுலயே சூட்டு ஊசி சிவப்புக்குப் போயிருது. அப்புறம் தானா விழுகுது. மறுபடியும் ஏறுது. ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது."

"பாத்துறலாங்க மாமா."

"வியாழக்கிழமை நாள் நல்லாருக்கு. இதே கார்ல மலைக்கோயிலுக்குப் போறோம். ஊசி நட்டநடுவுல அசையாம நின்னா, பொண்ணு உனக்குத்தான். ஆடுச்சுன்னா, ராசிபுரத்துல ஒரு பையன் இருக்கான். அவனும் மெக்கானிக்தான்."

மேகலா காரைச் சுற்றி வந்து முன்பக்கம் குனிந்து பார்த்தாள். "ஏனுங்க, இவ்வளவு பெரிய என்ஜினுக்கு இந்தச் சின்ன ரேடியேட்டர் போதுங்களா?"

செம்மலை மரியாதையாக அதையும் எழுதிக்கொண்டான். நோட்டில் ஏற்கெனவே பதினாறு சந்தேகங்கள் இருந்ததால் அது பதினேழாவதாக விழுந்தது. வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

அவர்கள் போனதும் நல்லியண்ணன் கோவைக்குப் போன் போட்டான். அங்கே பந்தயக் கார்களுக்கு வேலை பார்க்கும் ஹனிபா அவனோடு தொழில் பழகியவன்.

"நல்லி, நல்லாக் கேட்டுக்க," என்றான் ஹனிபா. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும். மாத்துனதும் ஓட்டிப் பாரு. ஊசி என்ன பண்ணுச்சுன்னு எழுது. அப்புறந்தான் அடுத்தது. ரெண்டைச் சேத்து மாத்துனா எதனால சரியாச்சுன்னே தெரியாது."

உலகத்தில் இதைவிட நல்ல யோசனையை எந்த மெக்கானிக்கும் சொல்லிவிட முடியாது. மூவரும் அதை மனப்பாடம் செய்தார்கள். அன்று சாயங்காலம் குளித்த பொங்கியண்ணன் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு அதே கிரீஸ் லுங்கியோடு வந்து நின்றான்.

"லுங்கி நாளைக்கு," என்றான். "சட்டை எப்படி இருக்குன்னு முதல்ல தெரியட்டும்."

செவ்வாய்க்கிழமை காலை வால்விலிருந்து தொடங்கினார்கள். என்ஜின் தண்ணீர் சூடானால் திறந்து வழிவிட்டு, ஆறினால் மூடிக்கொள்கிற சின்னக் கதவு அது. பொங்கியண்ணன் அதைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டான். திறந்தது. வெளியே எடுத்து ஆறவைத்தான். மூடியது.

"வால்வு நல்லாத்தான் இருக்கு," என்றான் நல்லியண்ணன். "மாட்டிரு."

பொங்கியண்ணன் நகரவில்லை. "கழட்டுனது ஒரு மாத்தம். மாட்டுனா அது இன்னொரு மாத்தம். நடுவுல ஓட்டிப் பாக்க வேண்டாமா?"

நல்லியண்ணன் வெகுநேரம் யோசித்தான். குற்றம் சொல்ல இடமே இல்லை. வால்வு இல்லாமல் ஓட்டினார்கள். ஊசி அடியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஊசி தூங்குது," என்று எழுதினான் செம்மலை. "இப்ப வால்வை மாட்டலாமா?"

"மாட்டுனா பழையபடி ஆடும்," என்றான் நல்லியண்ணன். "ஆடுற ஊசி நமக்கு எதுக்கு? தூங்குற ஊசியை நடுவுக்குக் கொண்டுவரணும், அவ்வளவுதான். காத்தடிக்கிறதாலதான் தூங்குது. ஃபேனைக் கழட்டு."

ஃபேனைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். ஊசி எழுந்தது, நடுவைத் தாண்டியது, சிவப்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ரேடியேட்டர் மூடியின் ஓரமாக ஆவி சீறியது.

"நடுவுல நிக்கலையே," என்றான் பொங்கியண்ணன்.

"நடுவுல ஒரு நிமிசம் இருந்துச்சு. நான் பாத்தேன்," என்றான் செம்மலை. அதையும் எழுதினான்.

அன்று மதியம் பட்டறையில் பெரிய விவாதம் நடந்தது. ஊசி எதைக் காட்டுகிறது என்று கேட்டான் நல்லியண்ணன். தண்ணீரின் சூட்டை என்றான் செம்மலை.

"அப்ப சூடாகறது எது?"

"தண்ணி."

"ஆடறது எதோட சூடு?"

"தண்ணியோடது."

"தண்ணியே இல்லைன்னா?"

இத்தனை வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற ஹனிபாவுக்குக்கூட இது தோன்றவில்லையே என்று பொங்கியண்ணன் மெதுவாகச் சொன்னான். பிறகு போய் ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்துவிட்டான்.

தண்ணீர் இல்லாத கார் ஒன்றரை கிலோமீட்டர் ஓடியது. ஊசி கொஞ்சமும் அசையவில்லை. நல்லியண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வியாழக்கிழமை எந்த வேட்டி கட்டுவது என்று யோசிக்க ஆரம்பித்தான். அப்போது காருக்குள் யாரோ அம்மிக்கல்லை இழுப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. கார் நின்றது. சாவியைத் திருகினால் மூச்சில்லை. கியரிலேயே விட்டுத் தள்ளினார்கள், நகரவில்லை.

"ஊசி?" என்று கேட்டான் செம்மலை, பென்சிலும் கையுமாக.

"அப்படியே இருக்கு."

"ஊசி அருமை," என்று எழுதினான்.

காரைக் கிரேன் வைத்துத் தூக்கிவந்தார்கள். புதன்கிழமை காலை அதைச் சுற்றி நின்று பேசினார்கள். மாற்றியாயிற்று. அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்க விடாமல் தடுப்பது எது?

"என்ஜின்," என்றான் பொங்கியண்ணன். "இறுகிப்போய் சக்கரத்தைச் சுத்த விடமாட்டேங்குது."

"அப்ப அடுத்த மாத்தம் அதுதான்," என்றான் நல்லியண்ணன்.

சங்கிலிக் கப்பியில் மாட்டி என்ஜினை வெளியே எடுத்தார்கள். ரேடியேட்டர் வழியை மறித்ததால் அதையும் கழற்ற வேண்டியதாயிற்று. இது இரண்டாவது மாற்றம் ஆகாதா என்று செம்மலை கவலைப்பட்டான். ரேடியேட்டர் தானாக நகர்ந்து வழிவிட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்று நல்லியண்ணன் தீர்ப்புச் சொன்னான். பிறகு தள்ளிப் பார்த்தால், கார் பூப்போல உருண்டது. ஊசி அசையவில்லை. எல்லாம் சரிதான், ஆனால் அது நடுவில் இல்லை. இடது ஓரத்தில் படுத்திருந்தது.

நல்லியண்ணனுக்கு ராசிபுரத்துப் பையன் ஞாபகம் வந்தது. தலையைக் கையில் தாங்கிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான். தலையைச் சாய்த்து உட்கார்ந்ததால் படுத்திருந்த ஊசி நேராக நிற்பதுபோலத் தெரிந்தது. உடனே எழுந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த மீட்டரையே முகப்பில் சாய்வாகத் திருகிவைத்தான். ஊசி செங்குத்தாக, நட்டநடுவில் நின்றது.

வியாழக்கிழமை காலை பெரியதம்பி வந்தபோது, காருக்கு முன்னால் அவருடைய ஆலையிலிருந்தே கேட்டு வாங்கிவந்த லாரி நின்றது. இரண்டையும் ஒரு கயிறு இணைத்திருந்தது.

"இதென்ன தம்பி, லாரி?"

"கார்ல என்ஜின் இருந்தாத்தானுங்க மாமா சூடு," என்றான் நல்லியண்ணன். "அதனால எடுத்துட்டோம். இழுக்கறதுக்கு ஒரு என்ஜின் வேணுமில்லீங்களா? அதைப் பத்தடி தள்ளி வெச்சிருக்கோம்."

பெரியதம்பி தாடையைத் தடவினார். "சூடாகற சாமானைத் தள்ளி வெக்கறது நல்லதுதான்," என்றார்.

செம்மலை லாரியை ஓட்டினான். பொங்கியண்ணன் தட்டு, வெற்றிலை, சங்கிலிக் கப்பி எல்லாவற்றோடும் லாரியின் பின்னால் உட்கார்ந்தான். நல்லியண்ணன் காரின் ஸ்டியரிங்கில். பக்கத்தில் பெரியதம்பி. பின்சீட்டில் பட்டுச்சேலையில் மேகலா. மலை ஆரம்பித்தது. மூன்றாவது வளைவு வந்தது. பெரியதம்பி மூக்கு மீட்டரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். ஊசி அசையவில்லை. பத்தாவது வளைவு. அசையவில்லை. இருபதாவதில் பெரியதம்பியின் கண் கலங்கியது.

"சத்தம்கூட இல்லையே தம்பி. இவ்வளவு வருசமா இப்படிப் போனதே இல்ல."

முப்பத்தோராவது வளைவில் லாரி நின்றது. அதன் முன்பக்கத்திலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பி மலையையே மறைத்தது. செம்மலை இறங்கி, சக்கரங்களுக்குக் கல்லை அண்டக்கொடுத்துவிட்டு ஓடிவந்தான்.

"அங்க ஊசி சிவப்புக்குப் போயிருச்சுங்க."

பெரியதம்பி வெளியே இறங்கி லாரியைப் பார்த்தார். திரும்பி வந்து காரின் மீட்டரைப் பார்த்தார். அது செங்குத்தாக நின்றது. நல்லியண்ணன் அவர் வாயையே பார்த்தான்.

"கார் பத்தரைமாத்துத் தங்கம்," என்றார் பெரியதம்பி. "லாரிக்குத்தான் அதே வியாதி. வைத்தியம் கையில இருக்கறப்ப எதுக்கு யோசிக்கறீங்க? அந்த என்ஜினையும் கழட்டிருங்க, மாப்பிள்ளை."

நல்லியண்ணனுக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. பொங்கியண்ணனுக்கு அதற்கு முந்தைய சொல்லே போதுமானதாக இருந்தது. வளைவோரத்தில் வாட்டமாக ஒரு பலா மரம் இருந்தது. கிளையில் கப்பியை மாட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் லாரி என்ஜின் மரத்தில் தொங்கியது. செம்மலை லாரியில் ஏறிப் பார்த்து, இங்கேயும் ஊசி அமைதியாகிவிட்டது என்று கையசைத்தான். எல்லோரும் அவரவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். நல்லியண்ணன் ஹாரன் அடித்தான். செம்மலை பதிலுக்கு அடித்தான். பயணம் தொடர்ந்தது.

ரொம்ப நேரம் கழித்து மேகலா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, இந்தப் பலா மரத்தை நாம அரை மணி நேரமாப் பாத்துட்டே வர்றோமே?"

"மலையில எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கும் அம்மிணி," என்றார் பெரியதம்பி, மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நீ ஊசியைப் பாரு."