காக்கை விழுங்கிய லத்தீன்

அந்தக் காலத்தில், விலங்குக்கும் பறவைக்கும் மனிதனோடு பேச வாய் இருந்தபோது, பிராங்கு நாட்டில் ஓர் ஆற்றங்கரைப் பட்டணம் இருந்தது. பல தேசத்துப் பையன்கள் அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து, மாணவர் இல்லங்களில் தங்கினார்கள். அப்படி ஓர் இல்லத்துக்கு ராதுல்ஃப் என்பவர் தலைமை ஆசான். நல்ல மனிதர்தான். இலக்கணம் மட்டும் தலைக்கேறியிருந்தது.

அவர் இல்லத்தில் ஒரே சட்டம். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் லத்தீன்தான் பேச வேண்டும். உப்பு வேண்டுமென்றாலும் லத்தீன், வயிற்றுவலி என்றாலும் லத்தீன். தாய்மொழியில் பேசி மூன்றாவது முறை பிடிபட்டவனின் அங்கியைக் கழற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். யார் பேசினார்கள் என்று ஆசானிடம் ரகசியமாகப் போய்ச் சொல்ல ஓர் ஒற்றன் இருந்தான். அவனுக்கு ‘ஓநாய்’ என்று பெயர். ஓநாய் யார் என்று எவனுக்கும் தெரியாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிப்பவனையே ஒவ்வொருவனும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். நிம்மதியாக ஒரு தும்மல்கூடப் போட முடியாத வீடு அது.

லம்பெர்ட் என்ற பையனுக்குத்தான் பயம் அதிகம். வடக்கே சதுப்பு நிலத்து ஊரிலிருந்து வந்தவன். அவனுக்குப் படிப்பின்மேல் உயிர். ஆனால் லத்தீன் அவன் நாக்கில் இன்னும் சரளமாக வரவில்லை. இரண்டு முறை ஏற்கெனவே பிடிபட்டாகிவிட்டது. எப்படிப் பிடிபட்டான் என்பதுதான் அவனுக்கு விளங்கவே இல்லை. அவன் எந்த மனிதனோடும் தாய்மொழியில் பேசியதில்லை. ஜன்னலில் வந்து உட்காரும் ஒரு காக்கையிடம்தான் பேசுவான்.

“வாடி கருப்பி, வந்துட்டியா? இந்தா, ரொட்டி தின்னு. நாள் முழுக்க வாயை மூடிட்டே இருந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருக்குடி. உன்கிட்டப் பேசினா யாருக்குத் தெரியப்போகுது?”

கருப்பி ரொட்டியைத் தின்னும். பிறகு நேரே ஆசானின் அறைக்குப் பறந்துபோய்ச் சொல்லிவிடும்.

ஆமாம், அந்தக் காக்கைதான் ஓநாய். நம்மூர்க் காக்கையைவிடச் சின்னது, கோபுரங்களில் வாழும் ஜாதி. அப்போது அதற்கு உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, கண்ணும் கறுப்பு. லத்தீன் நன்றாகவே பேசும். பெருங்கூடத்துக் கணப்பின் புகைபோக்கிக்குள் ஒரு விளிம்பில் அதன் கூடு. வெளியே பனிக்காற்று கொல்லும்போது அங்கே கதகதப்பாக இருக்கும். ஒற்று வேலைக்கு ஆசான் கொடுத்த கூலி அந்த இடம்தான். குஞ்சு பொரித்திருந்த நேரம் வேறு. இரண்டாவது முறை லம்பெர்ட்டைக் காட்டிக்கொடுத்த பிறகு காக்கைக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. இனி அந்த ஜன்னலுக்கே போகக்கூடாது என்று நினைத்தது. நினைத்துவிட்டு மறுநாளும் போனது.

ஒரு நாள் காலை பெருங்கூடத்தில் வாதம் நடந்துகொண்டிருந்தது. கணப்பில் தீ கொஞ்சம் பெரிதாகவே எரிந்தது. ஒரு பொறி மேலே பறந்து, கூட்டின் காய்ந்த சுள்ளியில் பற்றிக்கொண்டது. கூரை முழுக்க மரம். புகைபோக்கியிலிருந்து உத்தரத்துக்குத் தாவ எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தாய்க்காக்கை புகைக்குள் பாய்ந்தது. குஞ்சுகளை அதன் அலகால் தூக்க முடியவில்லை. சாம்பல் கழுத்தில் அப்ப, கண் வெந்து வெளுக்க, கூடத்துக்குள் வந்து விழுந்து லத்தீனில் கத்தியது. பதற்றத்தில் வேற்றுமை தவறிப்போயிற்று. நம் மொழியில் சொன்னால் இப்படி:

“ஆசானே! தீயைப் பரவுகிறது!”

ராதுல்ஃப் கையை உயர்த்தினார். “தீயையா? பரவுவது எது? தீ. அது எழுவாய். எழுவாய்க்கு இரண்டாம் வேற்றுமை எவ்வாறு வரும்?”

“ஆசானே, ‘தீயைப் பாருங்கள், பரவுகிறது’ என்று இடையில் ஒரு வினை மறைந்திருக்கலாம் அல்லவா?” என்றான் ஒரு மாணவன்.

“மறைந்திருப்பின், அது மறைந்திருப்பதற்குச் சான்று என்ன?” என்றான் எதிரே இருந்தவன்.

வாதம் சூடு பிடித்தது. கணப்புக்கு அருகில் உட்கார்ந்திருந்த லம்பெர்ட் மட்டும் மேலே பார்த்தான். உத்தரத்தின் ஓரம் சிவந்துகொண்டிருந்தது. தீக்கு லத்தீனில் என்ன சொல் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் லத்தீனில் சொன்னால் அதையும் திருத்துவார்கள். தன் மொழியில் கத்தினால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஆனால் அது மூன்றாவது முறை. அங்கி போகும், படிப்பு போகும். அப்போது புகைபோக்கிக்குள்ளிருந்து குஞ்சுகள் கீச்சிடுவது கேட்டது.

“தீ! தீ புடிச்சிருச்சு! எழுந்து ஓடுங்கடா!”

அவன் மொழி தெரிந்த இன்னொருவன் அந்தக் கூடத்தில் இல்லை. ஆனால் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. விழுந்தடித்து ஓடினார்கள், ஆற்றுத் தண்ணீர் மொண்டு வந்தார்கள். லம்பெர்ட் புகைக்குள் கையை விட்டுக் குஞ்சுகளை எடுத்துத் தன் தொப்பிக்குள் போட்டுக்கொண்டான். ஒரு மூலை கருகியதோடு இல்லம் தப்பியது.

தீ அணைந்ததும் ஆசான் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினார்.

“கூடத்தில் லத்தீன் அல்லாத மொழியில் கூவியவன் யார்? உயிர் பிழைத்தோம், மகிழ்ச்சி. ஆயினும் சட்டம் சட்டமே.”

புகையில் கத்தியவன் முகத்தை அவர் பார்க்கவில்லை. மொழியை வைத்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. லத்தீன் அல்லாத எல்லாமே அவர் காதுக்கு ஒரே இரைச்சல். மாணவர்கள் குனிந்து நின்றார்கள். லம்பெர்ட் குஞ்சுகள் இருந்த தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டான். ஆசான் பொறுமையிழந்து, சுவர்மேல் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்தார்.

“ஓநாயே, நீ சொல். சொன்னால் கூடு உனக்கு. மறுத்தால் இவ்வில்லத்தில் உனக்கு இடமில்லை.”

எல்லாத் தலைகளும் காக்கையை நோக்கித் திரும்பின. லம்பெர்ட்டின் தலை கடைசியாகத் திரும்பியது. அவன் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காக்கைக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

காக்கை வாயைத் திறந்து, தன் ஜாதிக் குரலில் வெறுமனே கரைந்தது.

“ஜாக்!”

“என்ன? லத்தீனில் சொல்.”

“ஜாக்! ஜாக்!”

பிறகு, மறைந்திருக்கும் வினையைப் பற்றி வாதாடியவன் தொண்டையைச் செருமினான். “ஆசானே, கூடத்தில் யாம் கேட்ட கூவலும் இதுவே.” அவனுக்கு எதிராக வாதாடியவனும் முதல் முறையாக ஒத்துக்கொண்டான். “ஐயமின்றி இதுவே.” இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத பொய். ஒவ்வொருவனாகத் தலையாட்டினான். ஆசானால் திருத்த முடியவில்லை.

காக்கையைத்தான் விரட்டினார்கள். அது வெகுதூரம் போகவில்லை, குஞ்சுகளை விட்டு எங்கே போகும்? அன்று மாலை ஜன்னலில் வந்து உட்கார்ந்தது. தொப்பி ஜன்னல் விளிம்பில் இருந்தது. லம்பெர்ட் காக்கையைப் பார்த்தான்.

“நீதானாடி அது? என் ரொட்டியத் தின்னுட்டு?”

எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டும் போலத்தான் இருந்தது அதற்கு. ஆனால் ஒரு சொல் பேசினால், இன்னும் பேசத் தெரியும் என்றாகிவிடும். பேசத் தெரிந்தால் ஆசான் அந்தப் பெயரைக் கேட்பார்.

“ஜாக்,” என்றது.

அவன் தலை குனிந்து, ரொட்டியைப் பிட்டுத் தொப்பிக்குள் போட்டான்.

அன்று முதல்தான் கோபுரக்காக்கைக்குக் கழுத்தில் சாம்பல் படிந்திருக்கிறது, கண் வெளுத்திருக்கிறது. விரட்ட விரட்டப் புகைபோக்கியிலேயே கூடு கட்டுகிறது. யார் என்ன கேட்டாலும் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறது, ஒரு பையனின் பெயர் வாய்தவறி வந்துவிடுமோ என்ற பயத்தில்.